மாத்திரையை எண்ணுகிறவர்கள்

நாமக்கல்லும் சேர்ந்தே சேலம் ஜில்லா என்று வழங்கிய காலத்தில், அதாவது 1997 ஜனவரியில் அது தனி மாவட்டமாவதற்கு வெகு காலம் முன்பு, இந்தச் சமவெளியில் ஒருவருக்கு க்ஷயரோகம் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், வசதியுள்ள குடும்பத்தார் சானடோரியத்தில் ஒரு படுக்கைக்குச் சிபாரிசு தேடிப் புறப்படுவார்கள். வசதியில்லாதவர் தனித் தட்டும் தனித் தம்ளருமாகத் திண்ணையில் ஒதுங்கிக் கிடப்பார். சுத்தமான காற்று, பூரண ஓய்வு, போஷாக்கான ஆகாரம் ஆகிய மூன்றும் இன்றி இந்த வியாதி தீராது என்பது அன்றைய வைத்திய சாஸ்திரத்தின் திடமான நம்பிக்கை. அதைப் பரீட்சித்துப் பார்க்கும் துணிவு 1956-இல் சென்னைக்கு வந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் அதன் ஆராய்ச்சியை நடத்தினார். ஏழை நோயாளிகள் 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, யார் வீட்டிலிருந்தபடி மருந்து உண்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பது வைத்தியரின் விருப்பத்துக்கோ நோயாளியின் விருப்பத்துக்கோ விடப்படாமல், குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. இரு சாராருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள்தாம். ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். குடிசையில் இருந்துகொண்டு, குறைந்த ஆகாரம் உண்டு, வேலைக்கும் போய்வந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவுதான் உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

இந்த வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் சாதாரணமாக இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கோ இதற்கு அடியில் கிடக்கும் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. வீட்டில் இருந்தவர் மருந்தை உண்மையில் விழுங்கினாரா என்பதை யார் கண்டது? பி.ஏ.எஸ். என்பது நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைப் புரட்டும், இருமல் நின்று உடம்பு சற்றுத் தேறியவுடன் அதைத் தூர எறியத் தோன்றாதவர் அபூர்வம். ஆகவே அந்த நிலையத்துச் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போனார்கள். மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். அங்கேயே சிறுநீர் வாங்கிவந்து சோதனைக்குக் கொடுத்தார்கள். ஃபெரிக் குளோரைடு சேர்ந்தவுடன் அதன் நிறம் மாறினால் மருந்து உள்ளே போயிருக்கிறது, மாறாவிட்டால் போகவில்லை. உலகத்தின் வைத்திய முறையையே மாற்றிய அந்தச் சதவீதங்கள் இந்த எண்ணிக்கையின் மீதும் இந்த நிறத்தின் மீதுந்தான் நிற்கின்றன.

நோயாளி செவிலியிடம் சொல்லுகிற பொய் வஞ்சகத்தால் வருவதன்று; பெரும்பாலும் மரியாதையால் வருவது. "எல்லாம் போட்டாச்சுங்க சிஸ்டர்" என்று அவர் சொல்லுவது, தம்மிடம் அன்பாகப் பேசுகிற ஒருவரின் மனம் நோகக் கூடாதே என்பதற்காக. வார்டில் பணிபுரியும் செவிலி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். மருந்து ஆய்வில் பணிபுரிகிறவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. விழுங்கிய மாத்திரை எவ்வளவு முக்கியமோ, விழுங்காத மாத்திரையும் ஆய்வுக்கு அவ்வளவு முக்கியம். அதை ஏசாமலும், முகம் சுளிக்காமலும், மறுமுறை அவர் மறைத்துவிடாதபடியும் கேட்டு வாங்க வேண்டும். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் முழுமையாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தையாக எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்து நோயாளியை வைத்தே இதைப் பார்க்கலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்கிறவர் ஆழ்துளைக் கிணறு போடப் புறப்பட்டால் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் ஊர் திரும்பமாட்டார். நாமக்கல் லாரி டிரைவருக்கோ அடுத்த வாரம் எந்த மாநிலம் என்பது லோடு கிடைத்தபின்தான் தெரியும். பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆய்வின் விதியோ, இன்ன தேதியில் வர வேண்டும், இன்ன நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பவள் சிஸ்டர்தான். வராதவரை வந்ததாக எழுத முடியாது. தவறாக எழுதியதைச் சுரண்டி அழிக்க முடியாது, ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் போட வேண்டும்.

சம்மதப் பத்திரம் இன்னும் கஷ்டமான இடம். ஜி.எச்.சுக்கு வருகிறவர் பத்திரத்தைப் படிக்குமுன்பே, "நீங்க சொன்னாச் சரிங்க சிஸ்டர், எங்க கையெழுத்துப் போடோணும்?" என்று பேனாவைக் கேட்பார். செவிலி நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் சரியாக அதுதான். இது சோதனை, குணமாகும் என்ற உறுதி இதில் இல்லை, மாட்டேன் என்று சொன்னாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது, பாதியில் விலகலாம் என்பதையெல்லாம் அவர் திருப்பிச் சொல்லும் வரையில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில்தான் கைநாட்டு. கடுமையான தீங்கு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள் ஆராய்ச்சி வைத்தியரைப் பணிக்கின்றன. ஆனால் "ராத்திரி முழுக்க மயக்கமா இருந்துச்சுங்க" என்ற செய்தி பெரும்பாலும் முதலில் எட்டுவது செவிலியின் காதுக்கு.

சேத்துப்பட்டு நிலையம் அடுத்த ஆராய்ச்சிகளில் வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்து, கண்ணெதிரே மாத்திரையை விழுங்கச் செய்து ஊசியும் போட்டுப் பார்த்தது. அதே கொள்கை பிற்பாடு டாட்ஸ் என்ற பெயரோடு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது. ஆகாரத்தைப் பற்றிய பழைய கேள்விகூட முற்றிலும் தீர்ந்துவிடவில்லை: ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வருவது கணிசமாகக் குறைகிறது என்று காட்டிற்று. நோயைத் தீர்க்க மருந்து போதும், வராமல் தடுக்கச் சோறும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

1959-இல் வெளியான அறிக்கையை எழுதியவர் பெயராக அச்சானது அந்த நிலையத்தின் பெயர்தான். வீடு வீடாகப் போனவர்கள் அதற்குள் அடக்கம். சேலத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-இல் ஒன்று வந்துவிட்டது. இனி இங்கே நடக்கும் ஆய்வுகளில் செவிலியின் வேலையை வார்டு டியூட்டியின் மேல் ஏற்றிவைக்கும் உபரிச் சுமையாக்காமல், அதற்கென்று தனிப் பணியிடமும், ரிக் வண்டிக்காரரைத் தேடிப் போய்வரும் பஸ் சத்தமும், வெளியாகும் கட்டுரையில் பெயரும் கொடுப்பது அப்படியொன்றும் பெரிய செலவல்ல.