தொட்டி ஹைட்ரேஞ்சியாவைப் பனிக்காலத்தில் காத்தலும் பூக்குமளவும் பொறுத்திருத்தலும்

நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசங்களில் வீட்டு வாசல்களையும் பாதையோரங்களையும் அலங்கரிக்கும் செடிகளுள் ஹைட்ரேஞ்சியாவும் ஒன்றாகும். பந்துபோல் திரண்ட அதன் பூங்கொத்து பல வாரங்கள் வாடாது நிற்குமாதலால், கோடைப் பருவத்தில் மலைக்கு வருவோர் அதனைத் தொட்டியுடன் வாங்கிச் செல்ல விரும்புகின்றனர். சிறிதளவே நிலமுடைய குடியானவரும் வீட்டுப் பெண்டிரின் உதவியைக் கொண்டு இதனை ஓர் உபதொழிலாக நடத்துதல் கூடும். ஆயினும், மார்கழி, தை மாதங்களில் இலை கருகி வெறுங்குச்சியாய் நிற்கும் செடியைக் கண்டு, அது பட்டுவிட்டதென எண்ணி வெட்டி எறிவோர் பலர். அவ்வாறு வெட்டுவதால் இழக்கப்படுவது வெறுங்குச்சியன்று. வரப்போகும் ஆண்டின் பூ முழுவதுமேயாகும். ஆகவே இச்செடியின் இயல்பை அறிந்து நடத்தல் அவசியம்.

செடியின் பூர்வீகமும் இயல்பும்

இதன் தாயகம் ஜப்பான் தேசமாகும். சீனத்திலும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்த இச்செடி, 1789-ஆம் ஆண்டில் ஸர் ஜோஸப் பாங்க்ஸ் என்பவரால் சீனத்திலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. நாம் பூவிதழ் எனக் கருதும் வண்ணப் பகுதி மெய்யாகவே புறவிதழாகும். அதனாலேயே அது விரைவில் உதிர்வதில்லை.

இச்செடியைப் பற்றி முதலில் அறியவேண்டுவது யாதெனில், நாட்டில் பெருவழக்கான ரகங்களில் சென்ற ஆண்டு வளர்ந்த முற்றிய கிளையின் நுனியிலேயே பூமொட்டு உண்டாகிறது என்பதாம். இரவுக் குளிர் 18 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே தொடர்ந்து நிலவும் நாட்களில், கிளை நுனியின் பருத்த மொட்டுக்குள் பூவின் கரு உருவாகிறது. இதற்கு 6 முதல் 8 வாரங்கள் வரை செல்லும். அதன் பின்னர் செடி உறங்குகிறது. அவ்வுறக்கம் கலைவதற்கும் குளிரே தேவை. மேல்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் தொட்டிகளை 4 முதல் 7 பாகை வரையுள்ள குளிர் அறைகளில் சுமார் 6 வாரங்களுக்குமேல் வைத்திருந்து, பிறகே வெப்பத்திற்கு மாற்றுகின்றனர். ஆகவே குளிர் இச்செடிக்குப் பகையன்று. மொட்டின்மேல் படியும் உறைபனியே பகை.

சமவெளியில் வசிப்போர் மலையிலிருந்து வாங்கிச் செல்லும் தொட்டி, மறு ஆண்டில் தழைத்தும் பூவாதிருப்பதற்குக் காரணம் இதனால் விளங்கும். அங்கு இரவுகள் போதிய குளிர்ச்சி அடைவதில்லை. அவர்கள் எவ்வளவு எருவிட்டும் பயனில்லை என்பதை விற்பவரே முன்கூட்டிச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

பனிக்காலப் பராமரிப்பு

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் உறைபனி டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடுமையாக இருக்கும். சில ஆண்டுகளில் நவம்பரிலேயே தொடங்கிப் பிப்ரவரி வரையிலும் நீடிப்பதுண்டு. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் குளிர்காற்று நீரைப்போல் தாழ்ந்த இடத்தை நாடி ஓடித் தேங்கும். ஆதலால் ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் தொட்டிகளை வைத்தல் தவறு. சரிவின் நடுப்பகுதியோ, வீட்டுத் தாழ்வாரமோ ஏற்ற இடமாகும். விடியற்காலை வெயில் நேரே விழும் இடமும் ஆகாது. உறைந்த குருத்தின்மேல் சூரிய கிரணம் திடீரெனப் படுமாயின் சேதம் அதிகமாகும்.

நிலத்தில் நட்ட செடியின் வேருக்கு மண்ணின் உஷ்ணம் காப்பளிக்கிறது. தொட்டிச் செடியின் வேரையோ நாற்புறமும் குளிர் தாக்குகிறது. ஆகவே வெளியில் வைக்க நேரும் தொட்டிகளை விளிம்பளவு மண்ணில் புதைத்தோ, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிச் சுற்றிலும் வைக்கோல் அல்லது உலர்ந்த சருகைத் திணித்தோ வைத்தல் வேண்டும்.

உதகை அரசினர் தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மென்மையான செடிகளை மிலார் செடிகளைக் கொண்டு மூடுவது வழக்கம். செலவில்லாத இம்முறையைக் குடியானவர்களும் கைக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தாள் கொண்டு மூடுவோர், அது மொட்டின்மேல் படாதபடி குச்சிகளை ஊன்றி அதன்மேல் விரித்து, காலையில் தவறாது நீக்கிவிட வேண்டும். இல்லையேல் பகல் வெயிலில் உள்ளே புழுக்கம் மிகுந்து மொட்டு அவிந்துபோம்.

காய்ந்த பழைய பூங்கொத்துகளைப் பனி கழியும்வரை செடியிலேயே விட்டு வைக்கலாம். அவை தமக்குக் கீழுள்ள மொட்டுகளுக்கு ஓரளவு குடையாக உதவும். நீரைப் பொறுத்தமட்டில், மேல்மண் ஓர் அங்குல ஆழம் உலர்ந்த பின்னரே காலை வேளையில் சிறிதளவு ஊற்றவேண்டும். உறங்கும் செடிக்கு மிகுந்த நீர் வேரை அழுகச் செய்யும். முற்றிலும் உலரவிடுதலும் கேடே. இக்காலத்தில் எரு இடலாகாது.

செடி பட்டதா, உயிருள்ளதா?

இதனை அறிய வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால், உள்ளே பசுமை தோன்றுமாயின் உயிருண்டு. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் சற்றுக் கீழே மீண்டும் சுரண்டிப் பார்க்கவேண்டும். கிளைகள் யாவும் மடிந்திருப்பினும் அடிவேர் பிழைத்திருந்தால் தூரிலிருந்து புதுத் தளிர் எழும். பழைய ரகங்களில் அத்தளிர் அவ்வாண்டு பூவாது. அடுத்த ஆண்டே பூக்கும். புதுக் கிளையிலும் பூக்கும் இயல்புடைய ‘என்ட்லெஸ் சம்மர்’ என்னும் ரகம் 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பனி மிகுந்த இடங்களுக்கு அத்தகைய ரகங்கள் அனுகூலமானவை.

பூக்குமளவும்

பனி விலகியதும் தொட்டிகளைச் சிறிது சிறிதாக வெளிச்சத்திற்குப் பழக்கவேண்டும். மொட்டு விரிந்து இலை தோன்றுங்கால், மக்கிய தொழுவுரத்தை அளவாக இட்டு, நீரை அதிகரிக்கவேண்டும். தழைச்சத்து மிகுமாயின் இலை செழித்துப் பூ குறையும். இலை விரியத் தொடங்கியது முதல் பூ மலரச் சுமார் 12 வாரங்கள் செல்லும். இரவுக் குளிர் நீடிக்குமிடத்தில் மேலும் தாமதமாகும். பிப்ரவரி நடுவில் தளிர்த்த செடி மே மாதத்தில் பூக்குமென எதிர்பார்க்கலாம். உதகையில் மலர்க் கண்காட்சி நடைபெறுவதும் அம்மாதத்திலேயே. தளிர்த்த பின் எதிர்பாராத பனி வருமெனத் தோன்றும் இரவில் மீண்டும் மூடத் தயங்கலாகாது. உறங்கும் மொட்டினும் விழித்த தளிர் மிக மென்மையானது.

மலையின் புளிப்பு மண்ணில் பூ நீல நிறமாகவும், சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் மலரும். மண்ணிலுள்ள அலுமினியத்தைச் செடி உறிஞ்சுவதே நீலத்திற்குக் காரணம். வெண்ணிற ரகங்கள் இவ்வாறு மாறா.

பூ முடிந்தவுடனே, ஆகஸ்டு மாதத்திற்குள், பூத்த கிளைகளைப் பருத்த மொட்டு ஜோடிக்கு மேலே கத்தரித்துவிட வேண்டும். அதன் பின்னர் கத்தி படலாகாது. கத்தரித்த கிளைகளை ஆடுமாடுகள் தின்னும்படி எறிதல் கூடாது. இச்செடியின் இலையிலும் மொட்டிலும் நஞ்சுண்டு. பூவாத இளங்கிளைகளை 4 முதல் 6 அங்குல நீளம் நறுக்கி ஈரமணலில் ஊன்றினால், ஒரு மாத அளவில் வேர்பிடித்துப் புதிய தொட்டிகள் கிடைக்கும்.

ஆகவே, கத்தரிப்பதற்கு ஒரு காலம், காப்பதற்கு ஒரு காலம், காத்திருப்பதற்கு ஒரு காலம் என மூன்றையும் பிறழாது நடத்துவோர் நஷ்டமடையார். தை மாதத்துக் குச்சியை வெட்டாது விட்டவர் வீட்டு வாசலிலேயே கோடையில் பூ மலரும்.