உறங்கி எழுந்த பதினெட்டாம் படையணி

'ஸ்குவாட்ரன்' என்னும் சொல்லைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கின்றீர்கள். தமிழில் அதனைப் படையணி எனலாம். ஏறத்தாழ 16 முதல் 18 போர் விமானங்கள், அவற்றைச் செலுத்தும் விமானிகள், பழுது பார்க்கும் பணியாளர்கள், இவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஓர் எண், ஒரு சின்னம், ஓர் இலட்சிய வாசகம். இவ்வளவும் சேர்ந்ததே ஒரு போர் விமானப் படையணி.

விமானங்கள் பழையனவாகும். ஆட்கள் மாற்றலாகிச் செல்வர். எண் மட்டும் நிலைத்திருக்கும். பறப்பதற்கு ஒரு விமானம்கூட இல்லாத காலத்திலும் அந்த எண்ணை அழித்துவிடுவதில்லை. உறங்க வைப்பதைப் போல ஒதுக்கி வைத்திருந்து, புதிய விமானம் வருங்கால் மீண்டும் எழுப்புவர். அவ்வாறு நான்கு ஆண்டுகள் உறங்கி, நமது கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரில் கண் விழித்தது இந்திய விமானப்படையின் பதினெட்டாம் படையணி. 'பறக்கும் தோட்டாக்கள்' என்பது அதற்கு வழங்கும் பெயர்.

அது தோன்றிய நாள் 1965 ஏப்ரல் 15. அன்று அதற்குக் கிடைத்த விமானம் 'நாட்' என்பதாகும். ஆங்கிலத்தில் கொசுவையொத்த ஒரு சிறு பூச்சிக்குரிய பெயர் அது. பெயருக்கேற்ற உருவம்தான். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 7 மீட்டர்கூட இல்லை. பிரிட்டனில் உருவான இவ்விமானத்தை அந்நாட்டு விமானப்படை போர் விமானமாக ஏற்றுக்கொள்ளவில்லை, பயிற்சிக்கே பயன்படுத்திக்கொண்டது. இந்தியாவோ உரிமம் பெற்றுப் பெங்களூரில் கட்டியது. வேறொருவர் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள் நம் வீட்டில் அரும்பொருளாவதுண்டல்லவா? இதுவும் அத்தகையதே.

அக்காலத்தில் பாகிஸ்தானிடமிருந்தது அமெரிக்கத் தயாரிப்பான சேபர் ஜெட். 1965ஆம் ஆண்டுப் போரின்போது வானொலிச் செய்தி கேட்ட பெரியவர்கள் நம் வீடுகளில் இருப்பின், அப்பெயரை இன்றும் நினைவு வைத்திருப்பர். கொரியப் போரில் பெயரெடுத்த விமானம் அது. இறக்கை நீளம் 11 மீட்டருக்கு மேல். அந்தச் சேபரை இந்தச் சிறு பூச்சி வானில் எதிர்கொண்டது. 'சேபர் கொல்லி' என்ற பட்டமும் பெற்றது. அளவிற் சிறிதாகையால் எதிரியின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சட்டெனத் திரும்பும், விரைந்து மேலேறும். அதே வேளையில், பீரங்கி நடுவில் சிக்கிக்கொள்ளும், கட்டுப்பாட்டுக் கருவிகள் இடக்குச் செய்யும் என்ற குறைகளும் அதற்கு இருந்தன. புகழுரைகளில் இக்குறைகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. அக்குறைகளோடு அதனைச் செலுத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி, பதினெட்டாம் படையணியைப் பிற படையணிகளினின்று தனித்து நிறுத்திய நாளுக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டு முதற்கொண்டு இருந்துவந்த சர்வதேச உடன்பாடு ஒன்றின் காரணமாக, ஸ்ரீநகர் விமானத் தளத்தில் வான் பாதுகாப்புப் போர் விமானங்கள் நிறுத்தப்படவில்லை. 1971 டிசம்பரில் போர் மூண்ட பின்னரே பதினெட்டாம் படையணியின் 'நாட்' பிரிவொன்று அங்கு நின்று காவல் புரிந்தது. ஆதலின், அவ்விமானிகளுக்கு அப்பள்ளத்தாக்கு பழக்கப்பட்டதன்று. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், எலும்பைத் துளைக்கும் குளிர், காலையில் கலையாத மூடுபனி, சுற்றிலும் மலை. தாழப் பறந்து மலையிடுக்கின் வழியே வரும் விமானத்தை முன்கூட்டி அறிவதும் அங்கு அரிது.

அப்பிரிவில் ஒருவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். 1943 ஜூலை 17இல் பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையாரும் விமானப்படையில் பணியாற்றியவரே. காண்போர் எவரையும் 'சகோதரா' என்றே அழைப்பது அவர் வழக்கம். அதனால் படையணியினர் அவருக்கே 'பிரதர்' என்று பெயரிட்டுவிட்டனர். வயது 28. திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

டிசம்பர் 14ஆம் நாள் காலை, பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கின. ஆயத்தப் பணியில் இருந்தவை இரண்டே 'நாட்' விமானங்கள். ஒன்றில் கும்மன், மற்றொன்றில் சேகோன். கும்மன் முதலில் மேலேறினார். சேகோன் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தபோதே குண்டுகள் விழத் தொடங்கின. எழும்பிய புழுதியையும் புகையையும் கிழித்துக்கொண்டு அவர் மேலே வந்துவிட்டார். ஆனால் பனிமூட்டத்தில் துணை விமானத்தின் தொடர்பு கண்ணுக்கு எட்டாமற் போயிற்று. எஞ்சியது ஒருவர், எதிரே ஆறு விமானங்கள்.

அவர் திரும்பிச் செல்லவில்லை. குண்டு வீசிவிட்டு மீண்ட இரு சேபர்களைப் பின்தொடர்ந்தார். ஒன்றைச் சுட்டார், மற்றொன்றில் தீப்பற்றச் செய்தார் என்று இந்திய அரசின் விருதுரை கூறுகின்றது. இதற்குள் மற்ற நான்கு சேபர்களும் உதவிக்கு வந்து சேர்ந்தன. மரங்களின் உயரத்தில் நடந்த சண்டை அது. சற்றே தவறினும் தரையில் மோத வேண்டியதுதான். தாம் அடிபட்டுவிட்டதையும், கும்மன் வந்து எதிரிகளைக் கவனிக்குமாறும் வானொலியில் தெரிவித்ததே அவருடைய இறுதிச் செய்தி என்பர். விமானம் மலைப்பாங்கான இடத்தில் வீழ்ந்தது. சிதைந்த பாகங்கள் பின்னர் கிடைத்தன. உடல் கிடைக்கவேயில்லை.

சேபர் எதனையும் தாங்கள் இழக்கவில்லை என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. வான்போர்க் கணக்குகள் இரு நாட்டு ஏடுகளிலும் ஒத்துப்போவது அரிது. அதில் நாம் வியப்படைவதற்கில்லை. ஆனால் ஒன்றில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. சேகோனை வீழ்த்தியவரான பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சா, பிற்காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் அவருடைய வீரத்தையும் விமானம் செலுத்திய திறனையும் பாராட்டியிருக்கின்றார். துப்பாக்கி முனையில் எதிரெதிர் நின்றவர் எழுதிய சொல் என்பதால், எந்த விருதுரையைக் காட்டிலும் இதற்கு எடை அதிகம் என்பது எம் எண்ணம்.

சேகோனுக்கு நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைக்குரிய இடத்தை எந்த விருது நிரப்பும்? எனினும் வரலாற்றுக்கு அது முக்கியம்; இந்திய விமானப்படையினர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அந்த ஒருமுறைதான். 2023 ஜனவரியில் அந்தமான் தீவுக் கூட்டத்தில், அவ்விருது பெற்ற 21 பேரின் பெயர்கள் 21 தீவுகளுக்குச் சூட்டப்பட்டபோது ஒரு தீவு சேகோன் தீவாயிற்று.

படையணியின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 'நாட்' விமானத்தைச் செப்பம் செய்து உருவாக்கிய 'அஜீத்' வந்தது. அதன் பின், தரையிலுள்ள இலக்குகளைத் தாக்கும் மிக்-27 வந்தது. 2016 ஏப்ரலில் அவ்விமானங்கள் விலக்கப்பட்டதும், கையில் விமானமின்றிப் படையணி உறங்கலாயிற்று. பழைய விமானங்கள் விடைபெறும் வேகத்தில் புதியன வந்து சேர்வதில்லை என்பதே இத்தகைய உறக்கத்திற்குக் காரணம்.

2020 ஏப்ரல் 1இல் எண் மீண்டும் எழுப்பப்பட்டது. அவ்வாண்டு மே 27இல், நாடெங்கும் கொரோனா ஊரடங்கு இருந்த நாட்களில், விமானப்படைத் தளபதி பதவுரியா சூலூருக்கு வந்து படையணியைப் பணியில் அமர்த்தினார். அன்று அவரே தேஜஸ் விமானம் ஒன்றைத் தனியே செலுத்திப் பறந்தார். 'நாட்' கட்டப்பட்ட அதே பெங்களூரில் உருவான விமானம்தான் தேஜஸ். இதுவும் தன் வகையிலேயே சிறியது. நீளம் சற்றேறக்குறைய 13 மீட்டர். போருக்கு முழுத் தகுதி பெற்ற தேஜஸை முதன்முதலாகப் பெற்றது இப்படையணியே. அவ்விமானங்களைச் செலுத்த வந்த இளைஞர்களில் எவரும் 1971இல் பிறந்திருக்கமாட்டார்கள். அவர்களுடைய தோள்பட்டைச் சின்னத்தில் இருந்ததோ, சேகோன் அணிந்திருந்த அதே எண்.