அவல நூல்களை அளக்கும் கோல்

துன்பம் நிறைந்த நூல்களைப் படித்து முடித்தவர்கள் இருவகையாகப் பேசக் கேட்கிறோம். “இரவெல்லாம் உறக்கமே வரவில்லை, ஆகவே இஃது உயர்ந்த நூல்” என்பார் ஒருவர். “உலகில் உள்ள துன்பம் போதாதா? காசு கொடுத்து வாங்கிப் படித்து வேறு அழ வேண்டுமா?” என்பார் மற்றொருவர். இருவரும் தத்தம் மனநிலையைக் கூறினரேயன்றி நூலின் இயல்பைக் கூறினாரில்லை. ஓர் அவல நூலை நன்று என்றோ அன்று என்றோ துணிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அக்கோல் தமிழில் பண்டே உண்டு.

நிலைக்களன்கள் நான்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று அழுகை. அழுகை தோன்றும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகும். பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையோ உரிய பொருளையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதல் அசைவு. துய்க்க வேண்டியவற்றைத் துய்க்க இயலாமை வறுமை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சாவு இந்நான்கனுள் ஒன்றன் ஒரு கூறு மட்டுமே. அன்றியும், அச்சம் என்பது அழுகையின் வேறான மெய்ப்பாடு. அதற்குரிய நிலைக்களன்களும் வேறு. ஆகவே குருதியையும் பிணங்களையும் அடுக்கிக் காட்டும் நூல் அச்சத்தைத் தரலாம், அருவருப்பைத் தரலாம், அழுகையைத் தந்துவிட்டதாகாது. இறந்தவர் எத்தனை பேர் என்பதன்று வினா. இழந்தது இன்னது என்று நூல் காட்டுகிறதா என்பதே வினா.

இக்கோலைக் கொண்டு, தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் மூன்று நூல்களை அளந்து பார்க்கலாம்.

மூன்று நூல்கள்

முதலாவது, புதுமைப்பித்தன் 1935-ஆம் ஆண்டில் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூர் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதி என்னும் பெண்ணின் கதை அது. அங்கே அவள் உழைப்பிற்கும் மதிப்பில்லை; மானத்திற்கும் காவலில்லை. இக்கதையின் நிலைக்களன் இளிவு. ஆசிரியர் மருதிக்காகத் தாம் அழுவதில்லை. எள்ளல் கலந்த நடையில் நிகழ்ச்சிகளைச் சொல்லிச் செல்கிறார். அவர் அழாமையாலேயே படிப்பவர் நெஞ்சு கனக்கிறது. சிறிய கதையாயினும் மூன்றனுள் கலைத்திறத்தால் மிக்கது இதுவே.

இரண்டாவது, பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’. இரா. முருகவேள் இதனை 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரால் தமிழாக்கினார். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். வறட்சியால் வாடிய ஊரிலிருந்து, மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி ஆனைமலைக்குச் செல்லும் கருப்பன், வள்ளி என்னும் கணவன் மனைவியின் கதை இது. முன்பணம் கடனாகிறது, கடன் கால்விலங்காகிறது, மலைக்காய்ச்சலும் வந்து சேர்கிறது. வறுமையும் அசைவும் இதன் நிலைக்களன்கள். வறுமையைப் போக்கச் சென்றவர்கள் வறுமையோடு உரிமையையும் இழக்கிறார்கள். கதைமாந்தர் சில இடங்களில் சான்று கூற வந்தவர் போலத் தோன்றுவது குறையே. ஆயினும், நோயையும் கணக்கேட்டையும் இத்துணை நெருக்கமாகக் காட்டிய நூல் தமிழில் அரிது.

மூன்றாவது, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. 1993-இல் வெளிவந்த இப்புதினத்தில், தந்தையைத் தேடிச் செல்லும் மாயா என்னும் இளைஞனின் வழியாகக் கதை நடக்கிறது. இதன் நிலைக்களன் இழவு. இடையில் வரும் காதற்பகுதி கதையின் கடுமையைத் தளர்த்துகிறது என்று குறை கூறலாம். ஆனால், சாவின் நடுவிலும் உயிர் அன்பை நாடும் என்பதும் உண்மையே. ஒருவன் ஒரு முகத்தைத் தேடுவதாகக் கதை அமைந்தமையால், எண்ணிக்கையாய் இருந்தவர்கள் மனிதராகிறார்கள்.

எண்ணிக்கையும் முகமும்

அந்த எண்ணிக்கை எளியதன்று. சயாமிலுள்ள பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் 1942-இலும் 1943-இலும் அமைத்தனர். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தனர். அவருள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அவர்களினும் பன்மடங்கினர். இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மூன்று மாத வேலை என்று சொல்லப்பட்டுச் சென்று மீளாதவர் பலர்.

காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 படைவீரர்களின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் பெயர் காண முயன்றிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. கல்லில் எழுதப்படாத பெயர்களுக்கு ஏடே கல்லாக நின்றிருக்கிறது. இத்தகைய நூலை “அழுகைக் கதை” என்று ஒதுக்குவது, அவர்களை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

அவலமும் கருணையும்

மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், அழுகையை இருவகையாகப் பகுத்துக் காட்டுகிறார். தன் துன்பத்திற்குத் தான் வருந்துவது ஒன்று. பிறர் துன்பங்கண்டு வருந்துவது மற்றொன்று. முன்னது அவலம், பின்னது கருணை. நல்ல துன்ப நூலின் பயன் இதனால் விளங்கும். எழுத்தில் உள்ள அவலம் படிப்பவர் நெஞ்சில் கருணையாக மாற வேண்டும். மாறாது, வெறும் சோர்வாக நின்றுவிடின் அந்நூல் தன் கடமையைச் செய்யவில்லை. படிப்பவர் அதனைச் சுவைத்து மகிழ்வாராயின் அது தீங்கும் செய்ததாகும்.

நம் மாணவர் பலருக்கு இவ்விரு வகையும் ஒன்றாகிவிடுகின்றன. கதையில் இறப்பவன் யாரோ அல்லன்; அவர்கள் வீட்டில் பெயர் மட்டும் வழங்கும் ஒரு பாட்டனாக இருக்கலாம்.

ஆகவே, இந்நூல்களை மறைப்பதும் பிழை. பக்குவம் அறியாது கொடுப்பதும் பிழை. சிறுவர்க்கு இவை வேண்டா. உயர்வகுப்பு மாணவர்க்கு ஓர் இயலைப் படித்துக் காட்டி, “இவன் இழந்தது என்ன? இகழப்பட்டது எவ்விடத்தில்? இவன் நிலையை மாற்றியவர் யார்?” என்று ஆசிரியர் வினவலாம். விடை தேடும் மாணவன் தொல்காப்பியத்தையும் கற்பான். தன் குடும்பத்துப் பெரியவர்களிடம் சென்று கேட்கவும் தொடங்குவான். சயாமிலிருந்து மீண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்கள் சொல்ல, பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் குறுகி வருகிறது. அவல நூல் ஒன்று ஒரு மாணவனை அவ்வாறு கேட்க வைக்குமாயின், அந்நூல் நன்று.