உறைபனியில் உழைப்போருக்கு ஏற்ற உடை

லடாக்கின் முக்கிய நகரான லே, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சனவரி இரவுகளில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. அதற்கு வடக்கே, 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கர்துங் லா கணவாயில் கோடையிலும் பனி பெய்யும். இத்தகைய கணவாய்ச் சாலைகளைச் செப்பனிடும் தொழிலாளர்களில் பலர் மலைவாழ் மக்கள் அல்லர்; ஜார்க்கண்டின் தும்கா முதலிய வெப்பமான மாவட்டங்களிலிருந்து பருவந்தோறும் வருபவர்கள். கடுங்குளிரை முன்பின் அறியாத இவர்களுக்கு எத்தகைய மேலுடை வழங்குவது என்பது, கோப்பில் ஒரு வரியாகவே இடம்பெறும். ஆயினும் கைவிரல்களும் கால்விரல்களும், சில வேளைகளில் உயிரும், அந்த வரியைப் பொறுத்தே உள்ளன.

இதில் கவனக்குறைவு நேர்ந்தால் என்னவாகும் என்பதை நாடு 1962ஆம் ஆண்டிலேயே கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரைக்கு விரைந்து அனுப்பப்பட்ட வீரர்களில் பலர், சமவெளிக்குரிய பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியுமே அணிந்திருந்தனர்.

காற்றே போர்வை

உடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் விரைந்து வெளியேறாமல் காப்பதே அதன் பணி. அப்பணியைச் செய்வது உண்மையில் துணியன்று, துணியின் இழைகளுக்கிடையே அசையாமல் தங்கியிருக்கும் காற்றாகும். கம்பளியின் சுருண்ட இழைகளும் வாத்தின் மென்தூவியும் கதகதப்பு அளிப்பதற்குக் காரணம், எடை குறைவாயினும் அவை மிகுதியான காற்றைப் பிடித்து வைப்பதேயாகும்.

இக்காற்றுப் போர்வைக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று வீசும் காற்று. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியாக இருக்கையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடப்படாத தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 34 டிகிரிக்கு ஒப்பான குளிராகிறது. மற்றொன்று ஈரம். அசைவற்ற காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடையில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால், போர்வையே வெப்பத்தை வெளியேற்றும் வழியாகிவிடுகிறது.

மழையும் பனியும் மட்டுமே உடையை நனைக்கும் என எண்ணுவது பொதுவான பிழை. உயர்ந்த, வறண்ட மலைப்பகுதியில் உடை பெரும்பாலும் உள்ளிருந்தே நனைகிறது. ஓய்வாக அமர்ந்திருப்பவரின் உடல் சுமார் 100 வாட் அளவில் வெப்பத்தை வெளியிடுகிறது. அதே மனிதர் மண்வெட்டியால் பனியை வாரும்போது இது ஐந்து மடங்கையும் எட்டக்கூடும். அமர்ந்திருக்கையில் போதாத மேலுடை, வேலை தொடங்கிய கால் மணி நேரத்தில் மிகையாகிவிடும். வியர்வை உள்ளுடையில் ஊறும். பின்னர் தேநீர் இடைவேளையில் உடல் உழைப்பு நின்றதும், ஊறிய ஈரம் உடலின் வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும். உழைக்கும்போது அன்று, உழைத்து ஓயும்போதே இடர் மிகுதி.

ஆகவே, கிடைப்பதில் மிகத் தடிப்பான ஒரே கோட்டை வாங்கி வழங்குவது உழைப்பாளிக்கு உதவி செய்வதாகாது. வாயிற்காவலருக்கு அது பொருந்தலாம். பனி வாருபவருக்குப் பொருந்தாது. கழற்றவும் சேர்க்கவும் கூடிய அடுக்குகளாக உடை அமைதல் வேண்டும்.

கோன்சா காட்டும் வழி

லடாக்கியரின் பாரம்பரிய மேலங்கியான கோன்சா இவ்வுண்மையைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. உள்ளூர் ஆட்டுக் கம்பளியைக் கையால் நூற்று, ‘நம்பு’ எனப்படும் குறுகிய துணியாக நெய்து, அப்பட்டைகளை இணைத்து இதைத் தைக்கின்றனர். முன்புறம் ஒரு மடிப்பு மற்றொன்றின்மேல் படிந்து, இடையில் நீண்ட கச்சையால் இறுக்கப்படுகிறது. கச்சை கீழிருந்து ஏறும் காற்றைத் தடுக்கும். வேலையில் உடல் சூடேறினால் கழுத்துப் பகுதியைத் திறந்து விடலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றும், தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. பருத்திக்கு இவ்வியல்பு இல்லை.

சாங்தாங் பீடபூமியில் வாழும் சாங்பா மேய்ப்பர்கள், மயிர்ப்புறம் உள்ளே இருக்குமாறு ஆட்டுத்தோல் அங்கியை அணிவர். 12 முதல் 15 மைக்ரான் வரையே தடிப்புள்ள பஷ்மினா இழையைத் தரும் வெள்ளாடுகளை வளர்ப்பவர்களும் இவர்களே. ஆயினும் அந்த இழை சால்வையாகித் தொலைதூரச் சந்தைகளுக்குச் செல்ல, அவர்களது உடலைக் காப்பது முரட்டுக் கம்பளியும் தோலுமேயாகும்.

கோன்சாவின் குறை அதன் எடை. எனவே இன்றைய உடைகள் அதே பணியை மூன்றாகப் பிரித்துக்கொள்கின்றன: வியர்வையைத் தோலிலிருந்து அகற்றும் மெல்லிய உள்ளுடை, காற்றைத் தேக்கும் நடு அடுக்கு, வீசும் காற்றைத் தடுக்கும் புறவுடை. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு 2021 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்கு வழங்கிய கடுங்குளிர் உடைத் தொழில்நுட்பமும் மூன்று அடுக்குகளைக் கொண்டதே. உறைநிலைக்கு மேல் 15 டிகிரி முதல் கீழ் 50 டிகிரி வரை, குளிரின் அளவை மட்டுமன்றி உழைப்பின் அளவையும் கருதி அடுக்குகளைக் கூட்டிக் குறைக்குமாறு அது வகுக்கப்பட்டுள்ளது. சியாச்சினில் 1984 முதல் நிலைகொண்டுள்ள வீரர்களின் சிறப்பு உடைகளுக்கு நெடுங்காலம் இறக்குமதியை நம்பியிருந்த நாட்டிற்கு இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

தைப்பதிலும் வாங்குவதிலும்

நடு அடுக்கில் தூவி சிறந்ததா, பாலியெஸ்டர் பஞ்சு சிறந்ததா என்ற கேள்விக்கு இடத்தைப் பொறுத்தே விடை கூற இயலும். வறண்ட உறைபனியில், எடைக்கு எடை, தூவிக்கு இணையில்லை. நனைந்தால் அது கட்டிபட்டுப் பயனற்றுவிடும். வசந்தத்தில் ஈரப்பனி விழும் சோஜி லா போன்ற இடங்களுக்குப் பாலியெஸ்டர் பஞ்சே ஏற்றது. எதுவாயினும், இருபுறத் துணிகளையும் ஊடுருவித் தைத்தால் தையல் கோடு நெடுகிலும் நிரப்பு நசுங்கி, அவ்வழியே குளிர் புகும். தடித்த உடைகளில் இடையே குறுந்தடுப்புத் துணிகள் வைத்து அறைகளாகத் தைப்பது இதனாலேயே. புறவுடையில் ஜிப்பின்மேல் ஒரு மூடுபட்டை வேண்டும். கையுறையுடனே பற்றி இழுக்கத்தக்க நீண்ட நாடாவும் ஜிப்பில் இருத்தல் வேண்டும். சிறிய இழுபிடிக்காகக் கையுறையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் விரல்கள் வெறுமையாகின்றன. விரல்கள் ஒன்றாகத் தங்கும் பை போன்ற கையுறை, விரல் பிரித்த கையுறையைவிடக் கதகதப்பானது.

வாங்குவோர் பெரிதும் மறப்பது அளவு. இறுக்கமான காலணி, இரண்டாவது காலுறையை அணிந்தவுடன் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, தசை உறையும் பனிக்கடிக்கு வழிசெய்யும். மாறாக, சிறிய உடலமைப்புள்ள தொழிலாளிக்குப் பெரிய கோட்டு கிடைத்தால், ஒவ்வோர் அசைவிலும் உள்ளே சூடான காற்று வெளியே தள்ளப்படும். காலமும் அளவைப் போலவே முக்கியமானது. உயர்மலை உடைகளையும் காலணிகளையும் கொள்முதல் செய்வதில் நேர்ந்த தாமதங்களை, 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

கோட்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் காலுறைக்கும் உள்ளுடைக்கும் மாற்றுவது பல முகாம்களில் கூடுதல் பயன் தரும். ஒருவருக்குக் குறைந்தது இரண்டு மாற்றுகள் தேவை. பகலில் நனைந்ததை இரவில் அடுப்பு எரியும் கூடாரத்தில், நெருப்புக்கு மிக அருகில் அல்லாமல், கொடி கட்டி உலர்த்த இடமும் தேவை.