ஆங்கில ஆசிரியைக்குப் படிக்க எங்கே இடம்?

சகோதரிகளே, லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் பல வழிகளில் காதில் விழும். ரியூஷன் உண்டு, வீட்டில் பேசும் மாமா உண்டு, கடைத்தெரு உண்டு. எங்கள் லயத்துப் பிள்ளைக்கு வாரத்தில் சில பாடவேளைகளில் என் வாயிலிருந்து வருவதுதான் ஆங்கிலம். என்னுடைய ஆங்கிலம் எவ்வளவோ, அந்தப் பிள்ளைக்கும் அவ்வளவுதான். சாதாரண தரத்தில் ஆங்கிலம் தவறிய பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போவதை வருடா வருடம் பார்க்கிறேன். ஆகவே ஆசிரியை தொடர்ந்து படிப்பது அவளது சம்பளப்படியோடு மட்டும் முடிகிற காரியமல்ல.

ஆங்கிலம் எங்கள் மலைக்கு அந்நியமானதும் அல்ல. தோட்டத்துப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள்: ஹோலிரூட், கிரேட் வெஸ்டர்ன், சென்ட் கூம்ஸ். ஹோலிரூட் என்பது ஸ்கொட்லாந்தில் உள்ள அரண்மனையின் பெயர். எங்கள் பாட்டிமார் அந்தப் பெயர்களைத் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துச் சொன்னார்கள், அல்லது சொந்தமாக வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, இந்த மலைகளின் தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார். நான் முதற்பாடத்துக்குப் பெயர்ப்பலகையைத்தான் எடுப்பேன். பிள்ளை தினமும் கடந்து வரும் எழுத்து அல்லவா?

இனிப் பயிற்சிகளைப் பற்றிச் சொல்கிறேன். புதிதாக ஆசிரியராக விரும்பும் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகளுக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. எங்களுக்கு அருகில், பத்தனையில், ஜேர்மன் நாட்டு உதவியுடன் அமைந்த ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சியில் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கற்பித்தல். ஆனால் இது இளவயதினருக்கான வாசல். 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறக்குறைய 3,000 ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். முதலில் மாதம் 6,000 ரூபா, பின்பு 10,000 ரூபா. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் கொடுத்து, பிள்ளைக்குப் பால்மாவும் வாங்கி, பயிற்சிக்கும் போய் வந்த பெண்களை நான் அறிவேன். மலையில் கொழுந்து எடுத்திருந்தால் இதைவிடக் கையில் நின்றிருக்கும் என்று தாய்மார் திட்டியதும் உண்டு. பயிற்சியை முடித்த பிறகே நிரந்தர நியமனம் கிடைத்தது.

சேவையில் உள்ளவர்களுக்கு அருகில் இருக்கும் உதவி பிராந்திய ஆங்கில வள நிலையங்கள். வடக்கு கிழக்கிலும் இவை உண்டு. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் முதலாம் வகுப்பிலிருந்தே வாய்மொழி ஆங்கிலத்தைக் கொண்டு வந்தது. அதனால் ஆங்கிலமே படிப்பிக்காத ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளும் திடீரென்று வகுப்பில் ஆங்கிலம் பேச வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் இந்தச் செயலமர்வுகளில்தான் வாய் திறந்தார்கள். 2009ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தபோது, பேச்சு ஆங்கிலத்தைக் கற்பிக்க ஒரு குழுவை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார்கள். பேராதனையில் இந்திய உதவியுடன் ஒரு பயிற்சி நிலையமும் திறந்தது. இலங்கை ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் மாநாடுகள் நடத்துகிறது. கொழும்புக்குப் போய்வர வசதியுள்ளவர்களுக்கு அது மிக நல்ல இடம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செயலமர்வு எல்லாம் பயனுள்ளவையல்ல. காலையில் மங்கள விளக்கு, பிரமுகர் உரை, தேநீரும் ரோல்ஸும், பிற்பகலில் திரையில் படம் காட்டி விரிவுரை, மாலையில் சான்றிதழ். எங்கள் பாடசாலையில் ஒரு பிளக்தான் உண்டு, அதுவும் அதிபரின் அறையில். நல்ல செயலமர்வை எப்படி அறிவது? ஆசிரியையை எழுப்பிப் பேச வைத்தால் அது நல்லது. நான் போனவற்றில் மனதில் நிற்பது, ஒரு சேவைக்கால ஆலோசகர் எங்களைத் தரையில் உட்கார வைத்துப் பிள்ளைகளாக்கி, தேயிலைச் செடி, கூடை, கம்பளி ஆகியவற்றை வைத்தே ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேச வைத்த நாள்தான். இலக்கணம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாய்தான் பூட்டியிருந்தது.

பெண்களுக்குத் தடை வேறிடத்தில் இருக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பென்றால் பிள்ளையை யார் பார்ப்பது? ஹட்டனில் ஐந்து மணிக்கு முடியும் வகுப்பிலிருந்து லிந்துலைக்கு வரும்போது மழையும் மூடுபனியுமாக இருட்டிவிடும். தோட்டத்துக்குள் செல்லும் பஸ் அதற்குள் போயிருக்கும். பாடசாலையில் ஒரே ஆங்கில ஆசிரியை என்றால் வார நாள் லீவும் கிடைப்பது கடினம். 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் கைபேசியில் பயிற்சிகள் வந்தன. சிக்னல் தேடி மேட்டுலயத்துக்கு ஏறி, குடை பிடித்தபடி நின்று கேட்டோம். டேட்டாவுக்குக் காசு எங்களுடையது. ஆனாலும் பயணச் செலவோடு பார்த்தால் அது குறைவுதான்.

இந்த இதழை வாசிக்கும் வன்னிச் சகோதரிகளுக்காக இதையும் எழுதுகிறேன். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் எங்கள் லயங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் பலர். அப்படிப் போன குடும்பத்தில் பிறந்த ஒருவர் 2009இல் கணவரை இழந்து, மகளோடு பெரியம்மா வீட்டைத் தேடி லிந்துலைக்கு வந்தார். அங்கே தொண்டர் ஆசிரியையாக ஆங்கிலம் படிப்பித்தவர். இடம்பெயர்வில் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. “அக்கா, என் படிப்பும் அந்தப் பையோட போயிருச்சு” என்றார். போகவில்லை. பெறுபேறுகள் பத்தரமுல்லையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றன, விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் தெரிந்தால் இலகு. மறந்திருந்தால் படித்த பாடசாலையில் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். இரண்டும் கைக்கு வந்ததும் அவர் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கற்கைநெறிக்குச் சேர்ந்தார். 1980இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்துக்கு ஹட்டன், கண்டி, வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களில் நிலையங்கள் உண்டு. முப்பதைத் தாண்டியவரையும் அது ஏற்கும். கட்டணம் கட்ட வேண்டும், அது சிறு தொகையல்ல. இவர் சீட்டுப் பிடித்துக் கட்டினார்.

அவரும் நானும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடுகிறோம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்பது முதல் விதி. இரண்டாவது விதி, பத்து நிமிடம் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாக இருப்பது. தமிழில் பேசினால் ஐந்து ரூபா அபராதம். அந்தக் காசில் அடுத்த மாதத்துக்குச் சீனி வாங்குகிறோம். சென்ற மாதம் எடுத்த பாடம் சம்பளச் சீட்டு. செக்ரோல், ஈ.பி.எஃப்., பிடித்தம் என்று தாய் கொண்டு வரும் தாளை மகள் வாசித்துச் சொல்வதாக நடித்துப் பார்த்தோம். திங்கட்கிழமை வகுப்பில் அதையே செய்தபோது, ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயின் சீட்டைக் கொண்டு வந்து, ஒரு பிடித்தத்தைக் காட்டி, “டீச்சர், இது என்னத்துக்கு?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தாயார் அதை எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்குப் போனார்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். கல்லூரி அனுமதி, ஆசிரியர் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை அதில் பாருங்கள். விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான், ஆகவே சான்றிதழ் பிரதிகளை முன்கூட்டியே எடுத்து ஒரு பொலித்தீன் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.