கூட்டுச் சார்பு படிக்க எந்த இன்டர்பிரிட்டர் நல்லது?



நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் முதல் பாடமே சார்பு, அதாவது ‘ஃபுங்சி’. அதில் பலரும் தடுமாறும் இடம் ‘ஃபுங்சி குபாஹான்’ எனும் கூட்டுச் சார்பு. எதை முதலில் செய்வது என்பதுதான் அங்கே சிக்கல்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். கூடையோடு நிறுத்த கொழுந்து 52 கிலோ. கூடை மட்டும் 2 கிலோ. 5 கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தூள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூடையைக் கழித்துவிட்டு வகுத்தால் 10 கிலோ. வகுத்துவிட்டு 2-ஐக் கழித்தால் 8.4. வரிசை மாறியது, விடையும் மாறிப்போச்சு!

இதைக் கணினியில் சோதிக்கச் சார்பு நிரலாக்கம் உதவும். அதற்கு இன்டர்பிரிட்டர் போதும். ஒரு வரி தட்டி ‘என்டர்’ அழுத்தினால் உடனே விடை வரும். எதைத் தேர்ந்தெடுப்பது?

1. ஜிஹெச்சிஐ (ஹாஸ்கல் மொழி)
கணிதப் பாடத்துக்கு மிக நெருக்கமானது. தமிழ் எழுத்தையே சார்புக்குப் பெயராக வைக்கலாம்:

க ப = ப / 5
ச ப = ப - 2
(க . ச) 52 → 10.0
(ச . க) 52 → 8.4

புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள சார்புதான் முதலில் வேலை செய்யும். தேர்விலும் அதே முறைதான். குறை என்னவென்றால், நிறுவ ஜிகாபைட் கணக்கில் இடமும் நல்ல இணையமும் வேண்டும். திரையில் தமிழ் எழுத்து உடைந்தால் ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

2. டாக்டர் ராக்கெட்
தொடக்க நிலை மாணவர்களுக்கென்றே தனி மொழிநிலை இதில் உண்டு. ‘ஸ்டெப்பர்’ என்ற வசதி கணக்கைப் படிப்படியாகக் காட்டும்:

(/ (- 52 2) 5)
(/ 50 5)
10

குறியை முன்னால் எழுதுவது முதலில் விநோதமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சீக்கிரம் பழகிவிடும்.

3. பைதான்
கோப்பு சிறியது; பழைய மடிக்கணினியிலும் ஓடும். ‘ஐடில்’ என்ற சாளரம் கூடவே வருகிறது. ஆனால் இது சார்பு நிரலாக்கத்துக்கென்றே உருவான மொழி அல்ல. சார்புகளை இணைக்கப் புள்ளிக் குறி இதில் கிடையாது.

கணினி அறிவியலுக்காக ஜாவா படிப்பவர்கள் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். 2017-இல் வந்த ஜாவா 9 முதல் ‘ஜேஷெல்’ உள்ளேயே இருக்கிறது.

எங்கள் பரிந்துரை
தோட்டத்து வீடுகளில் எல்லா இடத்திலும் லைன் கிடைக்காது. ஆகவே ராக்கெட் அல்லது பைதானின் நிறுவல் கோப்பைத் தானா ராத்தாவிலோ பள்ளியிலோ ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். அதன்பின் இணையமே தேவையில்லை. வரிசையில் குழம்பும் மாணவருக்கு ராக்கெட்டின் ஸ்டெப்பர்தான் முதல் தேர்வு. வேகமாகப் போகிறவருக்கு ஜிஹெச்சிஐ.

ஒன்றை மறக்காதீர்கள்: எஸ்.பி.எம். தேர்வில் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் கையால் எழுதுங்கள். பிறகு தட்டிச் சரிபாருங்கள்.

பயிற்சி
க(ப) = 3ப, ச(ப) = ப + 4. ப = 2 எனில் கச, சக இரண்டையும் காண்க. (விடை: 18, 10.) வேறு எண்களைக் கொடுத்தும் பாருங்கள், வேறுபாடு எப்போதும் 8-தான். ஏன்? அதைக் கணினி சொல்லாது. நீங்கள்தான் தாளில் நிறுவ வேண்டும்.