பாலத்தின் மறைந்த வலிமை

காவிரியாறு கடலைச் சேருமுன் பல கிளைகளாகப் பிரிந்து பாய்கின்றது. அக்கிளைகள் வளப்படுத்தும் சமவெளியின் கீழைக் கரையில் அமைந்திருப்பது காரைக்கால். தமிழ்நாட்டு ஊர்கள் சூழ்ந்து நிற்க, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாய் விளங்கும் இச்சிறு நிலத்தின் ஊடே அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயன் ஆறு முதலியன ஓடுகின்றன. வாய்க்கால்களோ பற்பல. ஆதலின், இங்கு ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊருக்குச் செல்வோர் ஒரு பாலத்தையேனும் கடவாமல் செல்லுதல் அரிது. பள்ளிச் சிறுவரும், நெல்லேற்றிய வண்டிகளும், மீன்கூடை சுமந்த மகளிரும், நோயாளரைத் தாங்கிய ஊர்திகளும் பாலத்தை நம்பியே செல்கின்றனர்.

பாலத்தைக் கடக்கும்போது நாம் அதன் கைப்பிடிச் சுவரையும் தூண்களையும் காண்கிறோம். ஆனால், அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் அடித்தளம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பாலத்தின் உயிர்நிலை அவ்விடத்திலேயே உள்ளது.

ஆற்றுச் சமவெளியில் பாறை எளிதில் அகப்படாது; தோண்டத் தோண்ட மணலும் வண்டலுமே கிடைக்கும். அத்தகைய நிலத்தில் கனத்த தூணை எங்ஙனம் நிறுத்துவது? நம் முன்னோர் குடிநீருக்கு உறைகிணறு இறக்கிய முறையே இதற்கு வழிகாட்டுகின்றது. தூண் நிற்கவேண்டிய இடத்தில் வட்டமான சுவர் ஒன்றை எழுப்புவர். அதன் உட்புறத்து மணலை அள்ள அள்ள, சுவர் தன் பளுவினாலேயே கீழே இறங்கும். இறங்குந்தோறும் மேலே சுவரை வளர்ப்பர். உறுதியான நிலத்தை எட்டியதும் அடியைக் கற்காரையால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, வாயை மூடி, அதன்மேல் தூணை எழுப்புவர். இதனைக் கிணற்று அடித்தளம் என்பர்.

இத்துணை ஆழமாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. வெள்ளம் பெருகும்போது நீர் தூணில் மோதிச் சுழல்கின்றது. அச்சுழல் தூணின் அடியிலுள்ள மணலை வாரிச் செல்கின்றது. அரிப்பு அடித்தளத்தைவிட ஆழமாகச் சென்றுவிட்டால், மேலே எத்துணை வலிய கட்டடம் இருப்பினும் பயனில்லை. திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடத்தின்மீது 1928இல் அமைந்த இரும்புப் பாலம் இதற்குச் சான்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வந்த பெருவெள்ளத்தில் அதன் தூண்கள் சில சரிந்தன. அவை தாங்கிய பகுதியும் ஆற்றில் வீழ்ந்தது. அருகில் புதிய பாலம் அமைந்து, போக்குவரத்து முன்னரே அதற்கு மாற்றப்பட்டிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆற்று மணலை அளவின்றி அள்ளுவோர், பாலத்தின் காலடி நிலத்தையே பறிக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, கடலின்மேல் நின்ற பாலம் ஒன்றைக் காண்போம். இராமேசுவரம் தீவை நாட்டோடு இணைத்த பாம்பன் இரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கப்பல்கள் செல்வதற்காக நடுவே இரண்டாகப் பிரிந்து மேலெழும் பகுதியும் அதில் இருந்தது. 1964 டிசம்பரில் வீசிய கொடும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஓர் இரயில்வண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டது. பாலத்தின் இரும்பு உத்திரங்களுள் பெரும்பாலானவற்றையும் பெயர்த்தெறிந்தது. ஆயினும், தூண்களுள் பெரும்பாலானவை நிலைத்து நின்றன. கடலடியில் கிடந்த உத்திரங்களைத் தேடியெடுத்து அத்தூண்களின்மேல் மீண்டும் பொருத்தினர். பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் அப்பணி 46 நாட்களில் நிறைவேறியது. அடித்தளம் அழிந்திருப்பின் அவ்விரைவு கைகூடியிராது. உப்புக்காற்று இரும்பை ஓயாது அரித்தமையின், அப்பாலத்தில் வண்டிகள் 2022இல் நிறுத்தப்பட்டன. செங்குத்தாக உயரும் நடுப்பகுதியைக் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்டது.

ஜப்பான் நாட்டில் அகாசி நீரிணையின்மேல் தொங்கு பாலம் ஒன்று கட்டப்பட்டு வந்தபோது, 1995இல் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பாலத்தின் கோபுரங்கள் இரண்டிற்கும் இடையிலிருந்த தொலைவே ஏறத்தாழ 1 மீட்டர் மிகுந்துவிட்டது! எனினும் கோபுரங்கள் வீழவில்லை. பொறியாளர் அப்புதிய அளவிற்கேற்பத் திட்டத்தைத் திருத்தி, 1998இல் பாலத்தை முடித்தனர்.

மேகாலய மலைகளில் வாழும் காசி, செயிந்தியா மக்கள் அமைக்கும் பாலமோ வியப்பிற்குரியது. ஓடைக்கரையில் வளரும் ஒருவகை அத்திமரத்தின் வேர்களை, பிளந்த கமுக மரத்தின் வழியே மறுகரைக்குச் செலுத்துவர். அவை அங்கே மண்ணில் ஊன்றிப் பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். இரும்புப் பாலம் நாளாக நாளாகத் தேயும். வேர்ப்பாலமோ நாளாக நாளாக வலிமை பெறும். நட்டவர் தமக்காக மட்டும் அதை நடுவதில்லை. பின்வரும் தலைமுறையினரும் அதன்மேல் நடப்பர்.

இத்தகைய பிறர்நல நாட்டத்திற்குத் தமிழகத்திலும் சிறந்த சான்று உண்டு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியைக் கடக்க மக்கள் படகை நம்பி இடர்ப்பட்டனர். ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைப் பெருமளவில் ஈந்து, 11 வளைவுகளைக் கொண்ட பாலம் அமையச் செய்தார். 1843இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆகவே, பாலத்தின் பெருமையை அதன் நீளத்தாலும் உயரத்தாலும் மட்டும் அளத்தல் தகாது. ஆழ இறக்கிய கிணறு, நேர்மையாகக் கலந்த கற்காரை, ஆண்டுதோறும் தவறாத மேற்பார்வை, பிறர்நலம் கருதும் நெஞ்சம் ஆகியவை பாலத்தின்மேல் செல்வோர் கண்ணில் படுவதில்லை. எனினும், அவற்றுள் ஒன்று குறையினும் இழப்பு பலருடையதாகும். மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் பாலம் கட்டும் பொறியாளர் ஆகலாம். சிலர் அதனைக் காக்கும் அலுவலர் ஆகலாம். எப்பணியை ஏற்பினும், பிறர் காணாத பகுதியையும் பழுதறச் செய்தலே உங்கள் கடமையாகும்.